ஸ்டான்லிக்குச் சுற்றுலா முன்பதிவு செய்வோர் கவனத்திற்கு

ஹாங்காங் தீவின் தென்கரையிலுள்ள ஸ்டான்லிக்கு அரைநாள் 'பாரம்பரிய நடை' என்று சொல்லி, பெயர்பெற்ற ஒரு முன்பதிவுச் செயலி எங்கள் நால்வரிடம் 2,800 ஹாங்காங் டாலரை வாங்கிக்கொண்டு, இப்போது கையை விரித்துவிட்டது. நம் பணத்தில் அது ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாய்.

நம்பவைத்தது அவர்கள் தந்திருந்த விவரம்தான். மீனவர் கிராமமாக இருந்த அந்த ஊரின் 1767-ஆம் ஆண்டுத் தின் ஹௌ (கடல் தெய்வம்) கோயில், அதனுள்ளே மாட்டியிருக்கும், 1942-இல் சுடப்பட்ட புலியின் தோல், 1859-இல் கட்டிய பழைய காவல் நிலையம், நகர மையத்தில் 1982-இல் பிரித்தெடுத்து, கற்களுக்கு எண்ணிட்டுப் பின்னர் இங்கே மறுபடி எழுப்பிய மரே ஹவுஸ் என்னும் பழைய கட்டடம் என ஒவ்வொன்றையும் ஆண்டோடு எழுதியிருந்தார்கள். முதல்நாள் மாலை வழிகாட்டி தாமே அழைத்து, "பெரியவர்கள் வருகிறார்களா? மெதுவாகவே நடப்போம்" என்றார். என் மாமனாருக்கு அந்த ஒரு பேச்சே போதுமானதாக இருந்தது.

மறுநாள் வேன் நேராகப் போய் நின்றது வழியிலிருந்த ஒரு நகைப் பட்டறையில். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, விற்பனைப் பெண் என் மாமியாரின் கழுத்தில் முத்துமாலையைப் பூட்டிவிட்டு, கொக்கி சிக்கிக்கொண்டதாகக் கூறி விலைப்பட்டியலை நீட்டினார்; வழிகாட்டியோ வாசலில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றரை மணி நேரம் போக, ஸ்டான்லிக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். அங்குள்ள சந்தையின் துணிக்கடைகளைக் கடப்பதற்குள் அது தீர்ந்தது. மரே ஹவுஸைப் பற்றிக் கேட்டால் "அது சாப்பாட்டுக் கடைகள் உள்ள கட்டடம்" என்றார். கோயில் பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறது என்றார். அதே நாளில் அக்கோயிலுக்குள் எடுத்த படங்களை வேறு பயணிகள் வெளியிட்டிருப்பதை இரவில் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது.

செயலியைக் கேட்டால் பயண நடத்துநரைக் கேட்கச் சொல்கிறார்கள். அவரைக் கேட்டால் பணம் செயலியிடம் இருக்கிறது என்கிறார். கடைசியில் வந்த பதில், "நீங்கள் ஸ்டான்லிக்கு அழைத்துச் செல்லப்பட்டதால் சேவை நிறைவேறியது." 2,800 டாலருக்கு இதுவா சேவை?

போகிறவர்களுக்கு அவசரமாகச் சில சொற்கள்: நகர மையமான சென்ட்ரலில் எக்ஸ்சேஞ்ச் ஸ்கொயர் பேருந்து நிலையத்திலிருந்து 6, 6எக்ஸ், 260 எண் பேருந்துகள் ஸ்டான்லிக்கே செல்கின்றன; ஆக்டோபஸ் என்னும் முன்பணப் பயண அட்டையைத் தட்டி ஏறிக்கொள்ளலாம். 'கைவினை மையம்' என்று திட்டத்தில் ஒரு வரி இருந்தால் அதைக் கடை என்றே படியுங்கள். வழிகாட்டி சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். 2,800 டாலருக்காக வங்கி அட்டை வழியே முறையீடு செய்திருக்கிறேன்; பதில் இன்னும் வரவில்லை.