பழைய டீசல் பிக்கப்புக்கு ஐந்தாவது கியர்: தொப்பூரும் மேலுமலையும் சொன்ன தீர்ப்பு

பாலக்கோட்டில் தக்காளி ஏற்றும் பழைய மஹிந்திரா பிக்கப் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஜீப் வம்சத்து வண்டி, 2.5 லிட்டர் டீசல், டர்போ கிடையாது, வாங்கும்போது நான்கு கியர். சுமை இழுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்குவழிச் சாலையில் ஏறினால்தான் தொல்லை. 60-ல் முனகும், 70-ல் கத்தும், 80-ல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது காதில் விழாது. சரக்கு வண்டிக்கு அந்தச் சாலையில் 80 கிலோமீட்டர்தான் உச்சம் என்பதால், நான் தேடியது கூடுதல் வேகம் அல்ல. அந்த எண்பதை எஞ்சின் அலறாமல் எட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு முன் ஓட்டியவர்கள் எதையெல்லாம் மாற்றினார்கள் என்று தெரியாததால், பின் ஆக்சிலைத் திறந்து பல்லை எண்ணிப் பார்த்தோம். கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தில் 39, அதைச் சுழற்றும் சின்னப் பினியனில் 8. அதாவது விகிதம் 4.88. டயர் 215/75 ஆர் 15. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் உருளும். நான்காவது கியர் நேரடிக் கியர், அதாவது எஞ்சினும், கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும். கணக்குப் போட்டால் 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,940 சுற்று சுற்றுகிறது. டர்போ இல்லாத இந்த மாதிரிப் பழைய டீசல் எஞ்சின்களுக்கு இழுவை அதிகம் கிடைப்பது 2,000 சுற்றை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். அதற்கு மேல் போகப் போக உராய்வும் சத்தமும் டீசல் செலவும்தான் ஏறும்.

சுற்றைக் குறைக்க வழிகள் உண்டு. பெரிய டயர் போடச் சொன்னவர்கள்தான் அதிகம். 235/75 போட்டாலும் விட்டம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் கூடும். 2,940 என்பது 2,820 ஆகும். அதற்காக நான்கு டயர் வாங்குவது வீண், தகுதிச் சான்று (எஃப்.சி.) வாங்கும் நேரத்தில் அளவைப் பற்றிக் கேள்வியும் வரும். அமெரிக்காவில் பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் கியர் பெட்டிக்குப் பின்னால் தனியாக ஓர் ஓவர்டிரைவ் பெட்டி, அதாவது எஞ்சினைவிட ஷாஃப்ட்டை வேகமாகச் சுற்றவைக்கும் பெட்டி, பூட்டுகிறார்கள். கியர் வெண்டர்ஸ் என்ற நிறுவனத்தின் பெட்டி சுற்றை 22 சதவீதம் குறைக்கிறது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் நம் பிக்கப்புக்கு அதை வரவழைக்கும் செலவில் இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். ஆட்டோமேட்டிக் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

மிச்சம் இரண்டு. ஒன்று, ஆக்சிலில் கிரவுன் பினியனை மாற்றுவது. மற்றொன்று, ஐந்து கியர் பெட்டி. என் மைத்துனர் முதலாவதைச் செய்தார், நான் இரண்டாவதைச் செய்தேன். அவருடையதும் ஏறக்குறைய இதே வண்டிதான். அதனால் இரண்டையும் ஒரே சாலையில், ஒரே சரக்கோடு ஒப்பிட முடிந்தது.

அவர் 47-க்கு 11 பல் கொண்ட ஜோடியைப் போட்டார், விகிதம் 4.27. 80-ல் சுற்று 2,575-க்கு இறங்கியது. சமதளத்தில் வண்டி நன்றாகவே போயிற்று. பர்கூர், வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகச் சென்னைக்கு மட்டும் ஓடுவதென்றால் அதுவே போதும் என்று நானும் சொல்லியிருப்பேன். ஆனால் ஆக்சிலை மாற்றினால் எல்லாக் கியரும் மாறிவிடுகிறது. முதல் கியர் உட்பட ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை எட்டில் ஒரு பங்கு குறைகிறது. கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் பக்கம் ஏறும்போது மேலுமலையில் நான் மூன்றாவது கியரில் நிதானமாகப் போகும் இடத்தில் அவர் இரண்டாவதுக்கு வந்துவிடுவார். மழை நாளில் தக்காளித் தோட்டத்துச் சேற்றிலிருந்து சுமையோடு கிளம்ப அவருக்குக் கிளட்ச்சைக் கூடுதலாக நழுவவிட வேண்டியிருக்கிறது. கிளட்ச் தட்டு சீக்கிரம் தேய்ந்ததில் எனக்கு வியப்பில்லை.

தொப்பூர் இறக்கம் இன்னும் முக்கியம். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது வரும் கட்டமேட்டிலும் இரட்டைப் பாலத்திலும் நடந்த விபத்துகளை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக்கைவிடவும் தாழ்ந்த கியரில் எஞ்சின் தரும் தடைதான். ஆக்சில் விகிதம் குறைந்தால் அந்தத் தடையும் அதே எட்டில் ஒரு பங்கு குறையும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அவர்களோடு வாதாடிச் சலித்துவிட்டது. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், ஐடிலுக்கு (வண்டி சும்மா நிற்கும்போது ஓடும் சுற்றுக்கு) மேல் எஞ்சின் சுற்றும்வரை, டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பம்ப்பின் கவர்னர் டீசலை அடைத்துவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் போய்க்கொண்டே இருக்கும்.

மைத்துனர் கோபப்பட்ட விஷயம் வேறு. "மாமா, மைலேஜ் கூடும் என்றார்கள், 11 இருந்தது 10 ஆகிவிட்டது" என்றார். உண்மையில் கூடித்தான் இருந்தது. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர் பெட்டியின் வால்பக்கத்திலிருந்து வருகிறது. ஆக்சில் மாறியது அதற்குத் தெரியாது. 100 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 88-ஐத்தான் எண்ணும். திருத்திக் கணக்கிட்டால் லிட்டருக்கு 11.4 வந்தது. முள் 70 காட்டும்போது வண்டி 80-ல் போகிறது என்பதைத்தான் அவர் முதலில் கவனித்திருக்க வேண்டும். கைப்பேசியில் ஜி.பி.எஸ். வைத்துப் பார்த்த பிறகே நம்பினார்.

நான் போட்ட ஐந்து கியர் பெட்டி சென்னை புதுப்பேட்டையில் கிடைத்த பழைய பெட்டி. அதே கம்பெனியின் பிந்தைய வண்டிகளுக்கு வந்தது. ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. அதனால் வேறு கம்பெனிப் பெட்டிகளைத் தொடவில்லை. வாங்குவதற்கு முன் மேல்மூடியைத் திறந்து பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்தண்டை ஐந்தாவது கியரில் கையால் சுற்றி, வெளித்தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணினால் விகிதம் தெரிந்துவிடும். என்னுடையது 0.8-க்கு அருகில் வந்தது, அதாவது வெளித்தண்டு ஒரு சுற்று சுற்ற எஞ்சின் 0.8 சுற்று சுற்றினால் போதும். அதன்படி 80-ல் சுற்று 2,350. மைத்துனரின் வண்டியைவிடவும் குறைவு. முதல் நான்கு கியர்களின் இழுவையும் பெரிதாக மாறவில்லை. மலையில் பழைய வண்டி, சமதளத்தில் புது வண்டி.

பூட்டுவதுதான் பாடு. பெட்டி பழையதைவிட நீளம் என்பதால் ஜாயின்ட் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைத்து பேலன்ஸ் செய்ய வேண்டியிருந்தது. முதலில் போன பட்டறையில் பேலன்ஸ் செய்யாமலே கொடுத்துவிட்டார்கள். 65-ல் தரையே அதிர்ந்தது. சேலத்தில் லாரி ஷாஃப்ட் வேலை செய்யும் இன்னொரு லேத்தில் சரிசெய்தோம். கிளட்ச் தட்டின் உள்பல் புதுத் தண்டுக்குப் பொருந்துகிறதா, ஃப்ளைவீலின் நடுவிலுள்ள சிறு பேரிங் சரியான அளவா, பின்பக்கத் தாங்கியை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதையெல்லாம் பழைய பெட்டியைக் கழற்றுவதற்கு முன்பே அளந்துவிடுவது நல்லது. எல்லாம் சேர்த்து 40,000 ரூபாயைத் தொட்டது. ஆக்சில் வேலையைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது.

டீசலில் மட்டும் அந்தப் பணம் சீக்கிரம் திரும்பாது. சுமையோடு நெடுஞ்சாலையில் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் கூடியிருக்கிறது. கோயம்பேடு போய்த் திரும்பினால் முன்பு இரவெல்லாம் காதில் இரைச்சல் கேட்கும், இப்போது இல்லை. எனக்கு அதற்கே அந்தப் பணம் தகும்.

ஐந்தாவது கியரை 60-க்குக் கீழே நான் போடுவதில்லை. சுமையோடு லேசான மேட்டில்கூட வண்டி தளர்ந்து கரும்புகை விட்டால் உடனே நான்காவது. ஐந்தாவதிலேயே இழுத்துப் பிடித்து ஓட்டினால் எஞ்சின் சூடாகும்; முழுச் சுமையும் வால்பக்கம் இருக்கும் அந்தச் சின்னக் கியர் மீதே விழும். எண்ணெய் மட்டம் குறைந்தால் முதலில் காய்வதும் அதுதான், அதனால் கசிவைத் தள்ளிப்போடுவதில்லை. கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சின்க்ரோ வளையம் உள்ள பெட்டி என்பதால் ஜி.எல். 4 தர எண்ணெய்தான் ஊற்றுகிறேன், கடையில் ஜி.எல். 5 நீட்டுவார்கள், அது ஆக்சிலுக்கு.

இப்போது ஐந்தாவதில் ஒரு முனகல் தொடங்கியிருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கேட்கிறது, காலை எடுத்தால் நிற்கிறது. ஐந்தாவது கியரின் பல்லோ பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். மாம்பழக் காலம் முடிந்ததும் பெட்டியை இறக்கச் சொல்லியிருக்கிறேன்.