தொட்டிக்கு எந்த அத்தி: பெட்டியோலாரிஸா, டெல்டாய்டியாவா, லைராட்டாவா?

ஆலும் அரசும் அத்தியும் அடங்கிய ஃபைக்கஸ் பேரினத்தில் 800க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தும், அழகுக்காக வீட்டில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ரப்பர் செடியையும் பெஞ்சமினாவையும் தாண்டிப் போவதில்லை. நான் லைராட்டா, டெல்டாய்டியா, பெட்டியோலாரிஸ் ஆகிய மூன்றையும் சில ஆண்டுகள் வளர்த்தேன். வெயில் படும் ஒரே ஜன்னலில் ஒரு தொட்டிக்கு மட்டுமே இடம் என்ற நிலை வந்தபோது, பெட்டியோலாரிஸை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கொடுத்துவிட்டேன்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மேற்கு ஆப்பிரிக்க லைராட்டாவுக்குப் பிடில் வடிவப் பெரிய இலைகளே அழகு. தென்கிழக்கு ஆசியாவின் டெல்டாய்டியா சிறிய இலைகளோடு, பட்டாணி அளவுக் காய்களை இளம் வயதிலேயே தாங்கி நிற்கும். மெக்சிகோவின் பாறைச் சரிவுகளில் வளரும் பெட்டியோலாரிஸுக்கு இதய வடிவ இலை, அதில் செந்நிற நரம்புகள், தண்ணீரைச் சேமிக்கும் பருத்த அடித்தண்டு. அழகை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதென்றால் என் ஓட்டு டெல்டாய்டியாவுக்கே விழுந்திருக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது இலையுதிர்வு. இடம், ஒளி, நீர் ஆகியவற்றில் எது மாறினாலும் இலையை உதிர்ப்பது ஃபைக்கஸ் செடிகளின் குணம் என்பதால், உதிர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். லைராட்டாவை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாற்றியபோது அடி இலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன; மொட்டையான அந்தப் பகுதியில் இலை தானாகத் திரும்பவே இல்லை, நுனியை வெட்டிய பிறகுதான் கிளை வந்தது. டெல்டாய்டியா விஷயத்தில் பிழை என்னுடையது. தொட்டிக் கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்து சுருங்கி, தொட்டியின் சுவரிலிருந்து விலகிவிட்டது. அதன் பின் நான் ஊற்றிய தண்ணீரெல்லாம் அந்த இடுக்கின் வழியே கீழே ஓடிவிட, நடுவேர் காய்ந்தே கிடந்திருக்கிறது. தொட்டியை வாளி நீரில் அமிழ்த்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது பாதிக் கிளைகள் தொட்டாலே ஒடியும் நிலையில் இருந்தன.

பெட்டியோலாரிஸ் முதல் குளிர்காலத்தில் இரண்டே வாரத்தில் எல்லா இலைகளையும் கொட்டியது. வேரழுகல் என்று முடிவுகட்டித் தூக்கி எறியப் போனவன், எதற்கும் பார்க்கலாமே என்று பட்டையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை, அதன் மேல் ஒரு துளி பால். வறண்ட பருவத்தில் இலையுதிர்ப்பது அதன் சொந்த மண்ணின் பழக்கம் என்பதால், நீரை ஏறக்குறைய நிறுத்தி அப்படியே விட்டுவிட்டேன். வெப்பம் திரும்பியதும் நுனி மொட்டின் உறை கழன்று, சிவந்த நரம்போடு முதல் இலை விரிந்தது. இலையில்லாத செடிக்கு இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றுவதுதான் இதற்கு ஆபத்து. அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்: கல் போல் இருந்தால் நலம், கொழகொழவென்று அமுங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். வாரக்கணக்கில் வெளியூர் போகும் எனக்கு இந்தப் பொறுமைக்கார அத்தியே ஏற்றது.

ஆனாலும் நேர் வெயில் வராத வீட்டில் பெட்டியோலாரிஸ் மெலிந்து நீண்டுபோகும். அங்கே நீரைத் தவறாமல் கவனிக்கக்கூடியவர்கள் டெல்டாய்டியாவையே எடுக்கலாம். அதன் நெருக்கமான கிளைகளுக்குள் செதில் பூச்சி ஒளிந்துகொள்வதால், இலை பிசுபிசுத்தால் உடனே அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மூன்றின் பாலும் தோலை உறுத்தும், செல்லப்பிராணிகள் மென்றாலும் ஆகாது. இதில் மூன்றுக்கும் வேறுபாடில்லை.

என் பெட்டியோலாரிஸ் இன்னும் முழங்கால் உயரமே இருப்பதால், முதிர்ந்த செடியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. வாங்குபவர்கள் விதையில் முளைத்த கன்றா என்று கேட்டு வாங்குவது நல்லது, ஏனெனில் வெட்டுக் கிளையிலிருந்து வளர்த்ததில் அடித்தண்டு அப்படிப் பருப்பது அரிது. தொட்டி மாற்றும்போதெல்லாம் அந்த அடித்தண்டை ஒரு விரற்கடை மேலே உயர்த்தி நட்டுவருகிறேன். புதைந்திருந்த முண்டும் முடிச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிகின்றன.