1969 கமாரோவின் உட்புறச் சிறு பாகங்கள்: சீர்செய்தவையும் புதிதாக வாங்கியவையும் இப்போது எப்படி இருக்கின்றன

செவர்லே நிறுவனம் 1969 மாடல் கமாரோவை 243,085 எண்ணிக்கையில் தயாரித்தது. இத்தனை கார்கள் வெளிவந்ததாலும், அவற்றை நேசிப்போர் இன்னும் குறையாததாலும், அதன் உட்புறப் பாகங்களில் ஏறக்குறைய எல்லாமே மறுதயாரிப்பாகப் புதிதாகக் கிடைக்கின்றன. அதனால்தான் ஒவ்வொரு சிறு பாகத்தையும் கையில் எடுக்கும்போது, பழையதைச் சீர்செய்வதா, புதியதை வாங்குவதா என்ற கேள்வி தனித்தனியாக எழுகிறது. என் காரில் இரண்டு வழிகளையும் கலந்தே கையாண்டேன். கார் கண்காட்சிக்குப் போவதில்லை. குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நிற்கும், கோடையில் தவறாமல் ஓடும். பல கோடைகளின் வெயிலையும் வியர்வையையும் கண்ட பிறகு எந்தப் பாகம் தாக்குப்பிடித்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வாங்கத் தொடங்கும் முன் காரின் அடையாளத்தைப் படித்துக்கொள்வது அவசியம். ஆலை தந்த வண்டி அடையாள எண்ணில் (பதிவு எண் அல்ல) மாடல் ஆண்டைக் குறிக்கும் 9க்கு அடுத்து வரும் எழுத்து ஆலையைச் சொல்லும். என் காரில் அது ‘என்’, அதாவது ஒகையோவின் நார்வுட் ஆலை. கலிஃபோர்னியாவின் வான் நைஸ் ஆலையில் பிறந்த காரில் அந்த இடத்தில் ‘எல்’ இருக்கும். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரில் அறையப்பட்ட தகட்டில் 711 என்றிருந்தால் கறுப்பு வினைல், சாதாரண உட்புறம். 712 என்றிருந்தால் டீலக்ஸ். இரண்டுக்கும் கதவுப் பலகைகளும் கைத்தாங்கிகளும் வேறு வேறானவை என்பதால், இந்த மூன்று இலக்கங்களைப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது.

அதிக நேரத்தையும் பொறுமையையும் கேட்டவை கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடிகள்தான். அவை துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டு, மேலே க்ரோம் பூசப்பட்டவை. பூச்சிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே ஈரம் இறங்கி, அடியிலுள்ள துத்தநாகம் அரிக்கத் தொடங்கும். அரிப்பு ஊதிப் பெருக, மேற்பரப்பு கொப்பளித்துக் குழியாகிறது. ஆகவே மேலே தேய்த்துப் பளபளப்பாக்குவதால் பயன் இல்லை. பழைய பூச்சை முழுவதும் நீக்கி, குழிகளைச் சுரண்டி, செம்பால் நிரப்பி, மெருகேற்றி, அதன் மேல் நிக்கலும் க்ரோமும் பூச வேண்டும். ஒரு கைப்பிடிக்கு இதைச் செய்யும் கூலியில் மறுதயாரிப்புக் கைப்பிடிகள் சிலவற்றையே வாங்கிவிடலாம். கணக்குப் பார்த்து, ஓட்டுநர் பக்கம் ஒரிஜினலை மறுபூச்சுக்குக் கொடுத்தேன். பயணி பக்கம் புதியதைப் பொருத்தினேன்.

பொருத்திய நாளில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இப்போது தெரிகிறது. புதிய கைப்பிடியின் க்ரோம் இன்னும் குறையில்லாமல்தான் இருக்கிறது. ஆனால் கதவிலிருந்து நீளும் எஃகுத் தண்டின் பற்களைக் கவ்விப் பிடிக்க வேண்டிய உட்பற்கள் தேய்ந்து, கைப்பிடி கொஞ்சம் ஆடுகிறது. நாள்தோறும் பயன்படும் ஓட்டுநர் பக்க ஒரிஜினலில் அந்த ஆட்டம் இல்லை. எந்தக் கைப்பிடியானாலும், முதலில் கதவுப் பலகையைக் கழற்றி, உள்ளே பிசினாக இறுகிப்போன பழைய கிரீஸை அகற்றிப் புதிதாகப் பூசுவது நல்லது. கண்ணாடி இறுக்கமாக இருந்தால் அந்தப் பளு முழுவதும் மென்மையான துத்தநாகப் பற்களின் மேல்தான் விழும். கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குதிரைலாட வடிவக் கிளிப்பைக் கழற்றத் தனிக் கருவி உண்டு, விலை அற்பம். கைப்பிடிக்கும் கதவுப் பலகைக்கும் இடையில் வரும் பிளாஸ்டிக் வளையத்தை விட்டுவிட்டால், வினைலில் வட்டமாகத் தேய்மானம் விழும்.

பிளாஸ்டிக் பாகங்களைப் பொறுத்தவரை என் தீர்ப்பு தெளிவானது: ஒரிஜினல் உடைந்து தொலைந்துபோயிருந்தால் ஒழிய, புதியதை வாங்க வேண்டாம். காலருகே வரும் பக்கப் பலகைகளை நான் வாங்கிப் பார்த்தேன். திருகுத் துளைகள் சற்று விலகியிருந்தன, மேற்பரப்பின் தோல்வரி ஆழமற்று இருந்தது. ஏபிஎஸ் என்ற கடினப் பிளாஸ்டிக்கில் ஆன பழைய பலகைகளிலுள்ள விரிசல்களுக்கு, அதே வகைப் பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கி, பின்புறத்திலிருந்து வலைத்துணியோடு சேர்த்துப் பூசினேன். கரைப்பான் மெதுவாகவே வெளியேறும் என்பதால் அவசரப்பட்டுத் தேய்த்தால் பின்னர் அந்த இடம் உள்வாங்கும். நன்றாக உலரவிட்டவை இன்றுவரை மீண்டும் விரியவில்லை.

நிறத்துக்கு வினைல், பிளாஸ்டிக் இரண்டுக்குமான சாயத் தெளிப்பைப் பயன்படுத்தினேன். சாயத்தின் ஆயுளை அதன் விலையைவிட, தெளிப்பதற்கு முன் செய்யும் கழுவல்தான் தீர்மானிக்கிறது. முந்தைய உரிமையாளர்கள் பல்லாண்டுகளாகத் தடவிய சிலிக்கான் மெருகு போகும்வரை சோப்பும் கரைப்பானும் கொண்டு துடைத்தாக வேண்டும். இல்லையேல் சாயம் ஒட்டாமல் புள்ளி புள்ளியாக விலகும். பக்கப் பலகைகளும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கன்சோலின் பக்கங்களும் நேற்றுத் தெளித்தவை போலவே இருக்கின்றன. ஓட்டுநரின் கைத்தாங்கி அப்படியில்லை. வெயில் காப்புக் களிம்பு பூசிய முழங்கை படும் இடத்தில் சாயம் இளகி, பிசுபிசுத்து, பிறகு உரியத் தொடங்கிவிட்டது. தொடுகை குறைந்த இடத்துக்குச் சாயம் தாராளமாகப் போதும். கை ஓயாமல் படும் இடத்துக்கு அது தற்காலிகப் பூச்சே.

மீட்டர் தொகுப்பில் செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். மங்கிய முன்மூடியை 1000, 2000, 3000 எண் உப்புத்தாள்களால் நீர்விட்டுத் தேய்த்து, பிளாஸ்டிக் மெருகால் முடித்தேன். ஆழமான கீறல் ஒன்றைத் தவிர எல்லாம் மறைந்தன. முகப்பிலுள்ள எண்களைத் துணியால் தொடவே கூடாது, அச்சு கையோடு வந்துவிடும். காற்றால் தூசியை ஊதிவிடுவதே போதுமானது. வெளிறிய முட்களுக்கு ஒளிரும் ஆரஞ்சு வண்ணம் பூசினேன். அது ஏற்கெனவே சற்று வெளிறத் தொடங்கியிருக்கிறது. தொகுப்பின் பின்னாலுள்ள அச்சுச் சுற்றின் செம்புத் தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்ததில், மின்னி மின்னி எரிந்த விளக்குகள் அடங்கின. 194 எண் பல்புகளுக்குப் பதிலாக எல்இடி போட்டும் பார்த்தேன். ஒளியைக் குறைக்கும் திருகு அவற்றுக்குச் சரிவர வேலை செய்யாததால் பழைய பல்புகளுக்கே திரும்பினேன். எரிபொருள் முள் நிறைவுக் குறியைத் தாண்டிப் போய் நின்றால் மீட்டரைக் குறை சொல்ல வேண்டாம். இந்தக் கார்களின் டாங்கி உணரி காலியில் 0 ஓம், நிறைவில் 90 ஓம் காட்டுவது; கம்பியோ தரை இணைப்போ அறுந்தால் முள் நிறைவுக்கு அப்பால் ஓடும்.

ஸ்டீயரிங் வளையத்தின் விரிசல்களை ‘வி’ வடிவில் அகலப்படுத்தி, இருபகுதி எபாக்சி பசையால் நிரப்பித் தேய்த்தேன், உறுதியாக நிற்கிறது. நடுப்பகுதியை மட்டும் பளபளப்பாக்கவில்லை. 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கூட்டரசின் 107ஆம் பாதுகாப்பு விதி, ஓட்டுநரின் கண்ணெதிரே வரும் ஸ்டீயரிங் நடுப்பகுதி, பின்பார்வைக் கண்ணாடியின் சட்டம் போன்றவற்றின் உலோகப் பரப்புகளுடைய பளபளப்பை 40 அலகுகளுக்குள் நிறுத்தியது. 1969 காரில் அந்த இடங்கள் மங்கலாக இருப்பதே சரி. கண்ணாடிபோல் மின்னும் ஸ்டீயரிங் நடுவைப் பல கார்களில் பார்க்கிறேன். அழகாக இருக்கலாம், ஆனால் நண்பகலில் கண் கூசும்.

கதவின் அடியிலுள்ள ‘பாடி பை ஃபிஷர்’ என்று பொறித்த அலுமினியத் தகடுகளைக் கழுவி, நெளிவெடுத்து, மீண்டும் போட்டேன். கையுறைப் பெட்டியின் அட்டை உறையைப் புதிதாக வாங்கினேன். பழைய அட்டை உப்பிப்போனால் அதைக் காப்பாற்ற வழியில்லை.

டாஷ்போர்டின் மெத்தைதான் இன்னும் முடிவாகவில்லை. எஃகுச் சட்டத்தின் மேல் நுரை, அதன் மேல் வினைல் தோல் என்ற அமைப்பில், வினைலின் மென்மையூட்டி வெயிலில் ஆவியாக ஆவியாகத் தோல் சுருங்கி விரிசல் விடுகிறது. மேலே ஒட்டும் கடினமான மூடி மலிவு; ஆனால் விளிம்பு தடித்துக் காட்டிக்கொடுக்கும். ஒரிஜினல் சட்டத்தின் மேலேயே புதிய நுரையும் தோலும் வார்த்துத் தரும் கடைகளின் கூலி கனமானது, காத்திருப்பும் நீளமானது. என் மெத்தையில் இரண்டு விரிசல்கள்தான் இருக்கின்றன. அவை நீளாதவரை முன்கண்ணாடிக்கு வெயில் மறைப்பு வைத்து ஓட்டுவதே எனக்குச் சிக்கனமாகப் படுகிறது. வரும் குளிர்காலத்தில் சாயம் உரியும் கைத்தாங்கியைக் கழற்றிவிட்டு, என் தீர்ப்புக்கு விலக்காக அதற்கு மட்டும் வார்ப்பிலேயே கறுப்பு நிறம் கலந்த மறுதயாரிப்பைப் போடப்போகிறேன்.