புரதக் கரைசலுக்கு எது: வைரப் பட்டடையா, வைர ஜன்னல் செல்லா?

அழுத்தத்தில் புரதம் எப்படி உருமாறுகிறது என்று சிறுகோண எக்ஸ்ரே சிதறலில் (எக்ஸ்ரே சிறு கோணங்களில் சிதறுவதை வைத்து மூலக்கூறின் வடிவத்தை அறியும் முறை) பார்ப்பதற்கு என் ஓட்டு, எக்ஸ்ரே ஊடுருவ வைர ஜன்னல் வைத்த நீரழுத்த செல்லுக்குத்தான்.

வைரப் பட்டடை அற்புதமான கருவி, சந்தேகமில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும், இரண்டு வைர முனைகளுக்கு நடுவே உலோகத் தகட்டின் துளையில் மாதிரியை வைத்துத் திருகினால் பல கிகாபாஸ்கல் (ஒன்று ஆயிரம் மெகாபாஸ்கலுக்குச் சமம்) அழுத்தம் வரை போகலாம், உள்ளே போட்ட மாணிக்கத் துணுக்கின் ஒளிர்வை வைத்து அழுத்தத்தை அளக்கலாம். ஆனால் புரதம் குலையப் பெரும்பாலும் சில நூறு மெகாபாஸ்கலே போதும். மரியானா அகழியின் அடியிலேயே சுமார் 110 மெகாபாஸ்கல்தான். அதைவிடப் பெரிய தலைவலி, திருகத் திருகத் தகடு நசுங்கி மாதிரியின் தடிமன் மாறிவிடும். புரதத்தின் மெல்லிய சமிக்ஞை தெரிய வேண்டுமானால் புரதம் இல்லாத வெறும் கரைசலின் சிதறலைத் துல்லியமாகக் கழிக்க வேண்டும், தடிமன் மாறினால் அது சரியாக வராது.

ஜன்னல் செல்லில் அந்தத் தொல்லை குறைவு. பம்ப் நீரை அழுத்துகிறது, வைரங்கள் நகர்வதில்லை. அழுத்தத்தை ஏற்றி, அப்புறம் இறக்கி, புரதம் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறதா என்று அதே மாதிரியிலேயே பார்க்கலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் செஸ் (CHESS) என்ற எக்ஸ்ரே ஒளிமூலத்தில் இப்படி 400 மெகாபாஸ்கல் வரை போகிறார்கள். வைரமும் கொஞ்சம் சிதறடிக்கும், ஜன்னலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புரதப் படிகம் என்றால் கதை வேறு, அங்கே பட்டடையையே எடுங்கள்.