ஜங்கூக்கின் "கோல்டன்" ஆல்பம் என்று சொல்லி மதுரைப் பிள்ளைகளிடம் பணம் பறிக்கிறார்கள், கவனம்

கே-பாப் என்கிற கொரியப் பாட்டு ஆல்பம் வாங்க இன்ஸ்டாகிராமில் "குரூப் ஆர்டர்" போடும் பிள்ளைகளும், அவர்களுக்காக ஜிபே செய்து கொடுக்கும் அம்மா அப்பாக்களும் அண்ணன் அக்காக்களும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். என் தங்கச்சியையும் அவளுடைய வகுப்புத் தோழிகள் இரண்டு பேரையும் ஒரு ஆள் நன்றாக ஏமாற்றியிருக்கிறார். மூவரும் பதினோராம் வகுப்பு. ஒருத்தி அவனியாபுரம், இன்னொருத்தி திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பவள். அந்தத் திருமங்கலத்துப் பிள்ளை கட்டியது, சித்திரைத் திருவிழாவுக்கு அம்மாச்சியும் மாமாக்களும் கையில் வைத்த காசைச் செலவழிக்காமல் சேர்த்த பணம். அதைப் போய் எடுத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜங்கூக், பிடிஎஸ் என்ற கொரியப் பாட்டுக் குழுவின் ஏழு பேரில் கடைக்குட்டி. 2013-ல் குழு அறிமுகமானபோது அவருக்கு 15 வயது. 2022-ல் கத்தார் உலகக் கோப்பை தொடக்க விழாவில் பாடியவர் இவர்தான். அவர் தனியாகப் போட்ட முதல் ஆல்பம் "கோல்டன்", 2023 நவம்பர் 3-ம் தேதி வெளியானது. மொத்தம் 11 டிராக், எல்லாமே ஆங்கிலப் பாட்டு. முதல் வாரத்திலேயே 20 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது, அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. பாட்டு கேட்க மட்டும் என்றால் யூடியூபே போதும். பிள்ளைகள் காசு சேர்ப்பது அந்தப் பெட்டிக்காக. சாலிட், சப்ஸ்டன்ஸ், ஷைன் என்று ஒரே ஆல்பம் மூன்று விதமாக வந்தது. உள்ளே சிடி, படப் புத்தகம், அப்புறம் உள்ளங்கைக்குள் அடங்கும் போட்டோகார்டு. எந்தக் கார்டு வரும் என்று பெட்டியைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. இதெல்லாம் வேண்டாத வேலை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். தங்கம் தியேட்டர் காலத்தில் வாங்கிய சினிமாப் பாட்டுப் புத்தகங்களை எங்கள் அம்மா இன்னும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார், பிள்ளைகளுக்கு இருப்பதும் அதே ஆசைதான். ஏமாந்த பிள்ளையைத் திட்டினால் அடுத்த தடவை அது வீட்டில் சொல்லவே சொல்லாது, ஏமாற்றுகிறவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

சரி, குரூப் ஆர்டர் என்றால் என்ன? டவுன் ஹால் ரோட்டில் ஒரு காலத்தில் கேசட், சிடி விற்ற கடைகளில் இப்போது மொபைல் கவர்தான் தொங்குகிறது. கொரியாவிலிருந்து தனியாக ஒரு ஆல்பம் வரவழைத்தால் அனுப்பும் செலவே ஆல்பம் விலையைத் தொட்டுவிடும். அதனால் ஒருவர் பொறுப்பெடுத்து, பல ஊர்ப் பிள்ளைகளிடம் பணம் வாங்கி, மொத்தமாக ஆர்டர் போட்டு, பார்சல் வந்ததும் பிரித்து அனுப்புவார். முதலில் ஆல்பத்துக்குப் பணம், பிறகு அங்கிருந்து இங்கே அனுப்பும் செலவும் கஸ்டம்ஸ் வரியும், கடைசியில் உள்ளூர் கூரியர். இதை நேர்மையாகச் செய்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், என் தங்கச்சியே அப்படி ஒருவரிடம் வாங்கியிருக்கிறாள். ஆனால் மொத்தமும் நம்பிக்கையில் ஓடுவது, பணம் துண்டு துண்டாகப் போவது. திருடனுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

எங்கள் பிள்ளைகள் மாட்டிய கணக்கில் "சென்னை அக்கா, நம்பி வாங்கலாம்" என்ற தோரணையில்தான் எல்லாம் இருந்தது. நல்ல விமர்சனங்களின் ஸ்கிரீன்ஷாட் வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு ஆல்பம் 1,850 ரூபாய், மூவரும் கட்டினார்கள். அதற்குப் பிறகு கேட்கும்போதெல்லாம் "பார்சல் கிளம்பிடுச்சு டியர்" என்று ஒரு பதிலும், எங்கோ அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைத்த ஒரு படமும். ஒரு நாள் சாயங்காலம் திடீரென்று, கஸ்டம்ஸில் பார்சல் மாட்டிக்கொண்டது, இன்று ராத்திரிக்குள் ஆளுக்கு 700 ரூபாய் அனுப்பாவிட்டால் கொரியாவுக்கே திரும்பிவிடும் என்று செய்தி வந்தது. கூடவே அரசு முத்திரை போட்ட ஒரு நோட்டீஸின் படம். மூன்று பிள்ளைகளும் பதறி அழுதுகொண்டே அனுப்பினார்கள்.

இந்த இரண்டாவது பணத்தில்தான் எல்லாரும் விழுகிறார்கள், கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். குரூப் ஆர்டரில் பார்சல் ஒருங்கிணைப்பவர் பெயருக்குத்தான் வரும், அதனால் வரியைப் பங்கு போட்டுக் கேட்பது தப்பில்லை. ஆனால் கட்டிய வரிக்கு ரசீது இருக்கும். தபாலில் வந்தால் பார்சலைக் கொடுக்கும்போது தபால்காரர் வரியை வாங்கிக்கொள்வார். கூரியரில் வந்தால் கம்பெனி பில் அனுப்பும். தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு ராத்திரிக்குள் அனுப்பு என்று எந்தக் கஸ்டம்ஸ் அதிகாரியும் கேட்க மாட்டார். இன்னொன்று, கஸ்டம்ஸிலிருந்து வரும் கடிதம், நோட்டீஸில் பொதுவாக டின் என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது 2019-லிருந்து நடைமுறை. மத்திய மறைமுக வரி வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிஜமா பொய்யா என்று தெரிந்துவிடும். எங்களுக்கு வந்த படத்தில் அந்த எண்ணே இல்லை.

பணம் கட்டிய பிறகு பார்சல் வந்தது! அதுதான் எனக்கு இன்னும் கோபம். ஒன்றுமே அனுப்பாமல் ஓடியிருந்தால் அன்றைக்கே புகார் கொடுத்திருப்போம். போலியை அனுப்பி, பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்தி, அந்த இடைவெளியில் தப்பிக்கப் பார்த்திருக்கிறார்கள். நான் சிம்மக்கல் பக்கம் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். தங்கச்சி கார்டை நீட்டி "அக்கா, பாரேன்!" என்றபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. முகத்தில் நிழல் விழும் இடத்தில் மெல்லிய வலை மாதிரி ஒரு கட்டம் ஓடியது. அச்சான படத்தை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால்தான் அப்படி வரும், ஏற்கெனவே உள்ள புள்ளிகளும் புதுப் புள்ளிகளும் மோதிக்கொள்ளும். மறுநாள் அச்சகத்தில் லூப் (அச்சைப் பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் உள்ள பொடி எழுத்து ஒரிஜினலில் ஒரே கறுப்பு மையில் வெட்டின மாதிரி நிற்க வேண்டும், இதில் எழுத்தின் ஓரமெல்லாம் நீலமும் சிவப்புமாகக் கசிந்து கிடந்தது. லேமினேஷன் ஒரு மூலையில் நகத்தால் நெம்பினாலே உரிந்து வந்தது. வீட்டில் லூப் இல்லாதவர்கள் போன் கேமராவை நன்றாகப் பெரிதாக்கி அந்தப் பொடி எழுத்தைப் பாருங்கள், அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சிடியையும் பாருங்கள். கம்பெனியில் அச்சு வார்த்த சிடியின் அடிப்பக்கம் பளிச்சென்று வெள்ளி நிறமாக இருக்கும், நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் பெரும்பாலும் ஐஎஃப்பிஐ என்று ஆங்கிலத்தில் மிகச் சின்னதாக ஒரு குறியீடு பதிந்திருக்கும். வீட்டில் ரைட் செய்த சிடி என்றால் அடிப்பக்கம் ஊதாவோ பச்சையோ கலந்து தெரியும். எங்களுக்கு வந்தது ஊதா. கம்ப்யூட்டரில் போட்டால் 10 பாட்டுதான் இருந்தது. ஒரிஜினலில் "செவன்" இரண்டு தடவை வரும், ஒன்று கெட்ட வார்த்தை உள்ளது, ஒன்று இல்லாதது. இதில் இரண்டாவதைக் காணோம். ஆனால் சிடியே இல்லையென்றால் உடனே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீவர்ஸ் ஆல்பம் என்று ஒரு வகை உண்டு, அதில் சிடி இருக்காது, க்யூஆர் கோடு போட்ட கார்டுதான் வரும், விலையும் குறைவு. நீங்கள் எதற்குப் பணம் கட்டினீர்கள் என்று பாருங்கள். அதே போல, போட்டோகார்டை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குறைந்த விலைக்குக் கொடுப்பதும் உண்டு. அதைச் சொல்லியே விற்றால் தாராளமாக வாங்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "அன்பாக்சிங் வீடியோ இருந்தால்தான் பேசுவேன்" என்றார்கள். தங்கச்சி எடுத்து வைத்திருந்தாள், கூரியர் கவரைக் கிழிப்பதிலிருந்து கடைசிவரை. அனுப்பினோம். "நடுவில் கட் செய்திருக்கிறாய்" என்று ஒரு பதில், அதோடு மூவரையும் பிளாக் செய்துவிட்டார்கள். ஜிபேயில் வந்த பெயரும் இன்ஸ்டாவில் சொன்ன பெயரும் வேறு வேறு என்பதை அப்போதுதான் கவனித்தோம். பணம் அனுப்பும்போது திரையில் வரும் வங்கிப் பெயரைப் படியுங்கள், பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள். வேறு பெயராக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், சரியான பதில் வராவிட்டால் அனுப்பாதீர்கள்.

1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறோம். இணையத்தில் தேசிய சைபர் கிரைம் தளத்திலும் பதிவு செய்யலாம், தமிழ்நாடு போலீஸுக்கே வந்து சேரும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது, பணம் அந்தக் கணக்கிலேயே இருந்தால் நிறுத்தி வைக்க முடியும். பணம் அனுப்பிய விவரம், யுடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வரும் தனி எண்), சாட் ஸ்கிரீன்ஷாட், அந்தக் கணக்கின் முகப்புப் பக்கம் எல்லாவற்றையும் பிளாக் ஆகும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் புகார் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

விற்றவரின் பெயர், முகவரி தெரிந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. 1915-ல் கேட்டால் வழி சொல்வார்கள். ஆனால் இன்ஸ்டா பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது, அதனால்தான் முகவரி தராதவரிடம் வாங்காதீர்கள் என்கிறேன். அப்புறம், இப்போது வாங்கப் போகிறவர்கள் பழைய விமர்சனங்களின் படத்தை நம்பாமல், அந்த ஆளிடம் வாங்கிய யாராவது இரண்டு பேரிடம் நேரடியாகப் பேசிப் பாருங்கள். கொரியக் கடையில் ஆர்டர் போட்ட ரசீதைத் தேதியோடு காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கேட்காமலே குழுவில் போட்டுவிடுவார்கள்.

இதே கதை உங்கள் வீட்டிலும் நடந்திருந்தால், சென்னை அக்கா, 1,850, அப்புறம் ராத்திரிக்குள் 700 என்று, எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். எங்கள் புகார் எண்ணைத் தருகிறேன், உங்கள் புகாரில் அதையும் சேர்த்து எழுதுங்கள், ஒரே கணக்குக்குப் போன பணம் என்று அவர்களுக்குத் தெரியட்டும். கார்டு மேல் சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் சிம்மக்கல்லுக்கு எடுத்து வாருங்கள், லூப் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். ஒரிஜினல் ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும், அதனால் யாரிடமாவது நிச்சயமான "கோல்டன்" இருந்தால் அவர்களும் சொல்லுங்கள்.