குழந்தைக்கு வயலின்: கர்நாடக வகுப்பா, கிரேடு வகுப்பா?

சென்னையில் பிள்ளையை வயலின் வகுப்பில் சேர்க்க நினைப்பவர்களுக்கு முதலில் வரும் குழப்பம் இதுதான்: கர்நாடக வகுப்பா, மேற்கத்திய இசையைப் படிப்படியான தேர்வுகளோடு (கிரேடு) கற்றுத்தரும் வகுப்பா? வாத்தியம் ஒன்று, கற்றுக்கொடுக்கும் விதம் முழுக்க வேறு.

கர்நாடக முறையில் பிள்ளை சப்பணம் போட்டு உட்காரும். வயலினின் தலை வலது பாதத்தில் ஊன்றியிருப்பதால் அதைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை. விரல் தந்தியில் தாராளமாக வழுக்கும். கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிப்பதற்கு, இது பெரிய வசதி. தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சேர்ப்பார்கள். முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஸ்வரப் பயிற்சி. அந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டதில் வயலினுக்கு ஒரு தனி லாபம்: ஸ தந்தியில் ரி, க, ம வாசிக்கும் அதே விரல், அதே இடம், பக்கத்து ப தந்தியில் த, நி, ஸ ஆகிவிடும். சுருதிப்பெட்டி ஓட, வாத்தியார் பாட, பிள்ளை கேட்டு வாசிக்கும். தோடி ராகத்தின் காந்தாரத்தை (க ஸ்வரத்தை) எந்தத் தாளிலும் முழுசாக எழுதிக் காட்ட முடியாது. காது வழியாகத்தான் வரும்.

கிரேடு வகுப்பின் பலம் வலது கை. வில்லைப் பிடிக்கும் விதம், முழு வில், பாதி வில், சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள். நம் கர்நாடக வகுப்புகள் பலவற்றில் இதற்கு நேரமே ஒதுக்குவதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். நொட்டேஷன் (எழுதிய இசைக்குறிப்பு) பார்த்து வாசிக்கவும் வந்துவிடும். ஆர்கெஸ்ட்ராவில் சேர அது வேண்டும். ஆனால் தேர்வுக்கான மூன்று உருப்படிகளையே வருஷம் முழுக்கத் தேய்த்தால் இசை வளராது.

ஜப்பானின் ஷினிச்சி சுஸூகி உருவாக்கிய முறை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வாசிப்பது மேற்கத்திய இசைதான். ஆனால் முதலில் கேட்பது, நொட்டேஷன் பிறகு. பெற்றோரும் வகுப்பில் உட்கார வேண்டும்.

என் கணிப்பில், வீட்டில் கச்சேரி கேட்கும் பழக்கம் இருந்தால் கர்நாடகமே முதலில், கூடவே கொஞ்சம் வாய்ப்பாட்டும். வயலின் மேதை லால்குடி ஜெயராமனின் வாசிப்பில் சாகித்யம் (பாட்டின் வரிகள்) அப்படியே காதில் விழும். பாட்டு உள்ளே இருந்தால்தான் அது வரும். இரண்டு வகுப்பிலும் ஒரே நேரத்தில் சேர்க்காதீர்கள். உட்காரும் விதமும் சுருதி சேர்ப்பதும் மாறுவதால் சின்னப் பிள்ளை திணறிப்போகும். எந்த வகுப்பானாலும் சேர்க்கும் முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். சுருதி விலகும்போது வாத்தியார் நிறுத்தித் திருத்துகிறாரா, வில் கோணலாகப் போகும்போது கவனிக்கிறாரா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.