'ஃபோர்கான்ஷியஸ்' என்ற சொல்லும் ஓர் அகராதிச் செயலியும்

பழைய உளப்பகுப்பாய்வு நூல்களைப் படிக்கும்போது துணைக்கு இருக்கட்டும் என்று, உளவியல் கலைச்சொற்களுக்குத் தமிழில் விளக்கம் தரும் ஒரு கைபேசி அகராதிச் செயலியை நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். எல்லோருக்கும் தெரிந்த சொற்களை எந்த அகராதியும் ஓரளவு நன்றாகவே விளக்கிவிடும். வழக்கொழிந்த சொல்லிடம் வரும்போதுதான் தொகுத்தவர்களின் உழைப்பு தெரியும். ஆகவே 'ஃபோர்கான்ஷியஸ்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தச் செயலியை மதிப்பிடுகிறேன்.

பதிவின் முதல் வரி பாராட்டுக்குரியது. 'இக்கணம் மனத்தில் இல்லாவிட்டாலும், கவனம் திரும்பினால் தடையின்றி நனவுக்கு வரக்கூடிய எண்ணங்களின் தளம். முன்நனவு' என்று அது வரையறுக்கிறது. இந்த வரையறையின் உயிர் 'தடையின்றி' என்ற சொல்லில் இருக்கிறது. உங்கள் தாயாரின் பெயரை யாராவது கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். ஆனால் கேட்பதற்கு ஒரு நொடி முன்பு அந்தப் பெயர் உங்கள் நினைப்பில் இருந்திருக்காது. அந்த ஒரு நொடி முன்பு அது இருந்த இடத்தைத்தான் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்ட் முன்நனவு என்றார். 1900ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த கனவு பற்றிய நூலில் அவர் நனவு, முன்நனவு, எளிதில் நனவுக்கு வராத நனவிலி என்று மனத்தைப் பிரித்தபோது, நனவிலிக்கும் முன்நனவுக்கும் இடையில் ஒரு தணிக்கையை வைத்தார். பின்னர், 1916-17இல் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இதையே ஒரு வீடு போலக் காட்டினார்: பெரிய முன்கூடம், அதை ஒட்டிய சிறிய வரவேற்பறை, இரண்டுக்கும் நடுவில் ஒரு காவலாளி. காவலாளியைக் கடந்து வரவேற்பறைக்குள் வந்துவிட்ட எண்ணம், அங்கிருக்கும் நனவின் கண்ணில் இன்னும் படவில்லை என்றாலும், எந்நேரமும் படக்கூடும். அந்த அறைதான் முன்நனவு. செயலி இந்த உவமையைச் சேர்த்திருந்தால் பதிவு இன்னும் தெளிவாக இருந்திருக்கும்.

குறை எங்கே என்றால், சொல்லின் வரலாற்றில். 'ப்ரீகான்ஷியஸ் என்பதற்கு இணைச்சொல்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஃபிராய்ட் ஜெர்மனில் எழுதிய 'ஃபோர்பெவுஸ்ட்' என்ற ஒரே சொல்லை, 1913இல் கனவு நூலை ஆங்கிலத்தில் தந்த ஏ. ஏ. பிரில் 'ஃபோர்கான்ஷியஸ்' என்று பெயர்த்தார். 1921இல் பகற்கனவுகளைப் பற்றி வாரென்டாங்க் எழுதி, ஃபிராய்டே முன்னுரை வழங்கிய நூலும் இந்தச் சொல்லையே கையாண்டது. 1953 முதல் 1974 வரை 24 தொகுதிகளாக வந்த, ஃபிராய்டின் எழுத்துகளுக்கான ஸ்ட்ரேச்சியின் ஆங்கிலப் பதிப்பில் 'ப்ரீகான்ஷியஸ்' இடம்பெற்று நிலைபெற்ற பிறகு, பழைய சொல் அரிதாகிவிட்டது. இது தெரியாததால், இரண்டும் வெவ்வேறு கருத்துகள் என்று நினைத்து, என் குறிப்பேட்டில் ஒன்றுக்கு 'முன்நனவு' என்றும் மற்றொன்றுக்கு 'முந்துநனவு' என்றும் இரண்டு வாரம் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு அத்தனை பக்கங்களையும் திருத்த வேண்டியதாயிற்று. மூன்றே வரி வரலாறு இருந்திருந்தால் அந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

அதைவிடப் பெரிய பிழை, தொடர்புடைய சொற்களின் வரிசையில் 'சப்கான்ஷியஸ், ஆழ்மனம்' ஆகியவற்றையும் இணைச்சொற்களாகத் தந்திருப்பது. நனவிலி குறித்த 1915ஆம் ஆண்டுக் கட்டுரையில் 'சப்கான்ஷியஸ்' தவறாக வழிநடத்தும் சொல் என்று ஃபிராய்ட் வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார். ஆழ்மனம் என்றால் தமிழ் வாசகருக்கு எட்டாத ஆழம் என்ற எண்ணம்தான் எழும்; ஃபோர்கான்ஷியஸோ கைநீட்டினால் கிடைப்பது. இந்தக் குழப்பம் எடுத்துக்காட்டு வாக்கியத்திலும் புகுந்திருக்கிறது: 'சிறுவயது அச்சம் அவருடைய ஃபோர்கான்ஷியஸில் புதைந்து கிடந்தது.' புதைந்து கிடப்பது நனவிலிக்கு உரியது. 'அந்த முகவரி அவருடைய ஃபோர்கான்ஷியஸில் இருந்தது. கேட்டதும் சொன்னார்' என்றால் பொருத்தமாக இருக்கும்.

இரண்டாவது எடுத்துக்காட்டாக, தொண்டை வரை வந்தும் வாயில் வராத பெயரைச் சொல்கிறார்கள். இது பாதி சரி. பெரும்பாலான பாடநூல்களும் அப்படித்தான் சொல்லும். ஆனால் 1901இல் ஃபிராய்ட் ஆராய்ந்த பெயர் மறதிகள் சிலவற்றில் ஒடுக்கப்பட்ட எண்ணம் ஒன்று குறுக்கே நிற்பதாகத்தான் அவர் கண்டார். அதனால் அதைத் தூய உதாரணமாகக் கொள்ள முடியாது.

மற்றபடி தேடல் விரைவாக இருக்கிறது, இணையம் இல்லாமலும் இயங்குகிறது, எழுத்து கண்ணை உறுத்தவில்லை. பாடத்தேர்வுக்குப் படிப்பவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மொழிபெயர்ப்பவர் வேறோர் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நான் எழுதி அனுப்பிய திருத்தங்களில், முதல் எடுத்துக்காட்டு வாக்கியத்தைச் சென்ற புதுப்பிப்பில் மாற்றிவிட்டார்கள். 'ஆழ்மனம்' இன்னும் இணைச்சொல்லாகவே நிற்கிறது.